செருப்பைத் திருப்பிப் பார்க்கும் வீட்டுக்காரம்மா

ஒரு மழைக்காலம் முழுவதும் நான் மாடு நிற்கிற ரப்பரை ஷூவுக்குள் வைத்து நடந்துகொண்டு, அது பெங்களூர் விஞ்ஞானம் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். இதை மறைத்துவிட்டு எங்கள் வீட்டுக்காரம்மாவைப் பற்றி எழுத முடியுமா என்று வேறு விதமாகவும் ஆரம்பித்துப் பார்த்தேன். முடியவில்லை. அவரைப் பற்றி எதை எழுதினாலும் அது கடைசியில் என் காலுக்கு அடியில் வந்து நிற்கிறது.

பேசிக்கொண்டிருந்தேன் என்பது அடக்கமான சொல். டீ நேரத்தில் கம்பெனி கேன்டீனில் ஒரு காலைத் தூக்கி நாற்காலியில் வைத்து, குதிகால், பாதத்தின் உள்வளைவு, முழங்கால், இடுப்பு என்று விரலால் மேல்நோக்கிக் கோடு போட்டு விளக்குவேன். “அஸ்திவாரம் சாய்ஞ்சா மாடிச் சுவர்ல விரிசல் விடாதா?” என்று கேட்பேன். கேட்டவர்கள் வடையை மென்றுகொண்டு தலையாட்டுவார்கள். ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் ஒருவர் மட்டும் என் உபன்யாசத்தை நம்பி ஒரு சனிக்கிழமை பெங்களூருக்கே போய் ஷூவுக்குள் வைக்கும் அட்டை ஒரு ஜோடி வாங்கி வந்துவிட்டார். பிற்பாடு அவர் என்னைக் கண்டால் வேறு வராண்டா வழியாகப் போக ஆரம்பித்தார்.

அப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவு மேனேஜர் நான். குடும்பம் சேலத்தில். வாரக் கடைசியில் பஸ் ஏறிப் போய், திங்கட்கிழமை விடியலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவேன். குடியிருந்தது மத்திகிரியில், ஒரு லைன் வீட்டில். நடுவில் நீளமான நடை, இரண்டு பக்கமும் எதிரெதிரே அறைகள், ஒவ்வொரு கதவுக்கு வெளியிலும் செருப்பு, ஷூ, மழைக்கு நனைந்த சாக்ஸ். நடையின் ஒரு முனையில் வீட்டுக்காரம்மாவின் வீடு. மறு முனையில் அவருடைய மாட்டுக் கொட்டாய். இரண்டுக்கும் நடுவில் இருந்த எங்களை அவர் எந்தக் கணக்கில் வைத்திருந்தார் என்பது எனக்குத் தெளிவாகத் தெரியாது. மாடுகளிடம் தெலுங்கில் பேசுவார், பால் வாங்க வருகிறவர்களிடம் கன்னடத்தில் பேரம் பேசுவார், எங்களைத் தமிழில் திட்டுவார். கனிவு எல்லாம் தெலுங்கிலேயே தீர்ந்துபோய்விடும்.

காலையில் பால் கறந்து முடித்ததும் அவர் நடையில் ஒரு சுற்று வருவார். ஒவ்வொரு கதவாக நின்று, வாசலில் கிடக்கும் செருப்பைக் கையில் எடுத்து, திருப்பி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பார். கத்திரிக்காயில் பூச்சி பார்ப்பதுபோல. அடுத்தவர் செருப்பைக் கையால் தொடுவதென்றால் நம் ஆட்கள் நெளிவார்கள். அவர் எடுத்தால் செருப்புக்குச் சொந்தக்காரர்தான் கதவுக்குள் நின்று நெளிவார். பார்த்து முடித்ததும் தீர்ப்பு நடை முழுக்கக் கேட்கும்.

“மூணாம் ரூமு! குதி எடது பக்கமே தேய்ஞ்சிருக்குது. இன்னும் கொஞ்ச நாள்ல முட்டி புடிச்சுக்கும், பாத்துக்க!”

வாடகைக்குப் புதிதாக யாராவது வந்தால் ஆதார் கார்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வார். பார்க்க மாட்டார். “செருப்பக் கழட்டி வெச்சுட்டு உள்ள போயி ரூமப் பாரு” என்பார். ஆள் ரூமைப் பார்த்துவிட்டு வருவதற்குள் இவர் ஆளைப் பார்த்து முடித்திருப்பார்.

“முகத்தப் பாத்துப் பேசக் கூடாதாம்மா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“மூஞ்சிய கழுவிக்கினு வந்துர்றாங்க மேனேஜரே. செருப்பக் கழுவிக்கினா வர்றாங்க?”

இதைப் படிக்கிறவர்கள் அவரை ஞானி என்று நினைத்துவிடக் கூடாது. பாதிக்குப் பாதி தப்பாகத்தான் சொல்வார். நாலாம் ரூமில் ஒரு மருந்து கம்பெனி விற்பனைப் பையன் இருந்தான். அவனுக்குப் பெண் கொடுக்க நினைத்தவர்கள் காவேரிப்பட்டினத்திலிருந்து விசாரிக்க வந்தார்கள். வீட்டுக்காரம்மா அவர்களுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்து, “தங்கமான பையன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. இடுப்பு மட்டும் கொஞ்சம் சாய்வு” என்றார். வலது செருப்பு ஒரு ஓரமாக அப்படித் தேய்ந்திருந்ததாம். பையன் வருங்கால மாமனார் முன்னால் அந்த நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்ட வேண்டியதாயிற்று. கடைசியில் விஷயம் தெரிந்தது: அவனுடையது பழைய பைக். உதைத்து உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். உதைக்கிற கால் செருப்பு தேய்ந்திருக்கிறது.

வீட்டுக்காரம்மா கொஞ்சமும் அசரவில்லை. “அப்ப வண்டிக்கு இடுப்பு சரியில்ல” என்று சொல்லிவிட்டு மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இந்தச் செருப்பு சாஸ்திரம் அவருக்கு மாட்டிலிருந்து வந்தது. அவர் கணவர் கால்நடைப் பண்ணையில் வேலை பார்த்தவர். போகும்போது நாலு மாட்டையும் ஒரு பயத்தையும் விட்டுவிட்டுப் போனார். சிமென்ட் தரையில் நாளெல்லாம் நிற்கிற மாட்டுக்குக் குளம்பு கெடும், பிறகு மூட்டு வீங்கும், பிறகு எழுந்திருக்காது என்கிற பயம். அதனால் கொட்டாய் முழுக்கத் தடிமனான கறுப்பு ரப்பர் விரித்திருந்தார். மாடு வழுக்காமல் இருக்க அதன்மேல் வைரம் வைரமாகப் புடைத்த கட்டங்கள். எங்கள் அறைகளில் சிமென்ட் தரைதான். நாங்கள் பால் கொடுப்பதில்லை.

“மாடு வாயத் தொறந்து சொல்லாது, குளம்பப் பாத்துத் தெரிஞ்சுக்கணும்” என்பார். “நீங்க வாயத் தொறந்து சொல்றீங்க. ஆனா பொய்யால்ல சொல்றீங்க?”

என் இடுப்பு விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே வலித்தது. குனிந்து சாக்ஸ் போடுவதற்குள் இரண்டு தடவை கடவுளைக் கூப்பிடுவேன். நாற்காலி, படுக்கை, பஸ், சேலம் என்று எல்லாவற்றின் மேலும் பழியைப் போட்டுப் பார்த்தபின் ஒரு நண்பர் சொல்லிப் பெங்களூர் போனேன். அங்கே பாதத்துக்கென்றே இருந்த ஒரு கிளினிக்கில் கண்ணாடிப் பலகைமேல் ஏறி நிற்கச் சொன்னார்கள். எதிரே திரையில் என் பாதம் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக விரிந்தது. அவ்வளவு அழகான படம் என் முகத்துக்குக்கூட எடுத்ததில்லை. வெள்ளைக் கோட்டுப் பெண் ஒருத்தி அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சிலேயே நான் விழுந்துவிட்டேன். என் பாதத்துக்கென்றே செய்ததாகச் சொல்லி நீல நிறத்தில் ஒரு ஜோடி அட்டை கொடுத்தார்கள். ஷூவுக்குள் போட்டுக்கொள்ள வேண்டியது. விலையை எழுத மாட்டேன். என் மனைவி படிப்பாள்.

அட்டையோடு ஷூவைக் கொண்டுவந்து வாசலில் கழற்றி வைத்தேன். மறுநாள் காலைச் சுற்றில் வீட்டுக்காரம்மா அதை வெளியே உருவி, மோந்து, வளைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“இது எதுக்கு?”

பாதத்தில் ஆரம்பித்து இடுப்பு வரை விரலால் கோடு போட்டு விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டார். இவ்வளவு மரியாதையாக அவர் யார் பேச்சையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் என் இடுப்பு வலி குறைய ஆரம்பித்தது. அதன்பிறகுதான் கேன்டீன் சொற்பொழிவுகள்.

இந்த இடத்தில் கோகிலாவைச் சொல்ல வேண்டும். கடைசி அறைக்கு முந்தைய அறையில் நாலு பெண்கள் சேர்ந்து தங்கியிருந்தார்கள், அதில் ஒருத்தி. கல்லாவி என்கிற ஊர்ப் பெண். வண்டிகளுக்கு வயரிங் செய்கிற ஒரு கம்பெனியில் பயிற்சி ஆள். ஷிப்ட் முழுக்க நின்றபடியே வேலை. பயிற்சிக் காலம் முடியும்போது கம்பெனி போர்டில் ஒரு பட்டியல் ஒட்டுவார்கள். அதில் பெயர் இருந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஊருக்குப் பஸ். ஊரில் அவள் அப்பா அத்தை மகனைப் பேசி வைத்துக்கொண்டு காத்திருந்தார். வேலை நிரந்தரமானால் கல்யாணத்தைத் தள்ளிப்போட ஒத்துக்கொண்டிருந்தார். ஆகாவிட்டால் தை மாதம் தாலி. அத்தை மகன் கெட்டவனா என்று கேட்டேன். “கெட்டவன் இல்லீங்க சார். அவனுக்கு நான் வேலைக்குப் போறதே புடிக்காது, அவ்வளவுதான்” என்றாள். அதில் எல்லாம் அடங்கியிருந்தது.

அவளுக்கு இடுப்பிலும் முழங்காலிலும் வலி. சாயந்திரம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது சுவரைத் தொட்டுத் தொட்டு வருவாள். ஏற்கெனவே சில நாள் லீவு போட்டாகிவிட்டது. இன்னும் போட்டால் பட்டியலில் பெயர் வராது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். தைலம், வெந்நீர், மாத்திரை எல்லாம் நடந்தது. வீட்டுக்காரம்மா அவளுடைய கறுப்பு சேஃப்டி ஷூவை எடுத்து நாலைந்து நாள் ஆராய்ந்தார். முன்பக்கம் ஏடாகூடமான இடத்தில் மடிந்திருக்கிறது, குதியில் தேய்மானமே இல்லை. “வெரலால பூமியப் புடிச்சுப் புடிச்சு நடக்கறா. மாடு சேத்துல எறங்குனா இப்படித்தான் நடக்கும்” என்றார். ஆனால் ஏன் அப்படி நடக்கிறாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. முதல்முறையாக நடையில் தீர்ப்பு ஒலிக்கவில்லை. எங்களுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

பிறகு ஒருநாள் அவள் கொஞ்சம் தேவலை என்றாள். வீட்டுக்காரம்மா முகத்தில் திருப்தி. யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

காரணம் எனக்குத் தெரிய வந்தது எங்கள் கம்பெனி கேன்டீனில். அன்று நல்ல மழை. ஷூவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. இதுதான் சமயம் என்று, மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பெங்களூர் அற்புதத்தை நேரிலேயே காட்டிவிடலாமென்று ஷூவைக் கழற்றி அட்டையை உருவினேன். நீல அட்டை வரவில்லை. கறுப்பாக, தடியாக, வைரக் கட்டம் போட்ட ஒரு ரப்பர்த் துண்டு வந்தது. பாத வடிவத்தில் கத்தரியால் வெட்டியிருந்தது. ஈரம் பட்டதில் மெல்லச் சாணி வாசம்.

 ராயக்கோட்டைப் பக்கத்து விவசாய வீட்டிலிருந்து வந்த ஒரு மெஷின் ஆபரேட்டர் அதை வாங்கி விரலால் நசுக்கிப் பார்த்தார். “நல்ல சரக்கு சார்” என்றார். “எங்க ஊட்ல ஜெர்சி மாட்டுக்கு இதான் போட்டிருக்கறோம். பெங்களூர்லயா வாங்குனீங்க?”

ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் எழுந்து வெளியே போனார். வேறு வராண்டா அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் கொட்டாய்க்கே போனேன். வீட்டுக்காரம்மா மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். ரப்பர்த் துண்டை அவர் முன்னால் நீட்டினேன்.

“என்னம்மா இது?”

“உன் காலுக்கு வெட்டுனது. எதுக்கு வெளிய எடுத்த?”

“என் அட்டை எங்க?”

“கோகிலா ஷூல இருக்குது. வாங்கிக்கினு வந்த வாரமே மாத்திட்டேன்.”

 அந்த வார்த்தை எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாங்கிவந்த வாரமே.

“எனக்குன்னு அளவெடுத்துச் செஞ்சதும்மா அது!”

“இடுப்பு வலி எப்படி இருக்குது?”

“... போயிடுச்சு.”

“போயிடுச்சில்ல? அப்ப என்னாத்துக்குக் கத்தற? மாடு பயந்துக்கப் போவுது.” தவிட்டுக் கையை உதறிக்கொண்டு தொடர்ந்தார். “நீ நாற்காலியில குந்திக்கினு வேலை செய்யறவன். உன் அட்டை உன்ன மாதிரியே மேசைக்கு அடியில சும்மா குந்திக்கினு இருக்கும். அவ நாளெல்லாம் நிக்கறா. நிக்கறவளுக்கு நல்ல அட்டை. குந்தறவனுக்கு மாட்டு ரப்பரு போதும்.”

 என்னிடம் நியாயம் இல்லாவிட்டாலும் கோபம் இருந்தது. நேராக நடைக்குப் போனேன். கோகிலா அப்போதுதான் வந்து ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போயிருந்தாள். குனிந்து அட்டையை உருவினால் இடுப்பு மறுபடி பிடித்துக்கொள்ளுமோ என்று பயந்து, உள்ளே இருப்பது என் அட்டைதானா என்று தெரிந்துகொள்ளக் காலையே அந்த ஷூவுக்குள் விட்டேன்.

அட்டை இருந்தது. அதைவிட ஆச்சரியம், என் கால் முழுசாக உள்ளே போயிருந்தது. எட்டாம் நம்பர்க் கால். அப்படியே இரண்டு எட்டு நடந்தேன். என் ஷூவில் நடப்பதுபோலவே இருந்தது. கொஞ்சம் தாராளமாகக்கூட இருந்தது.

கொட்டாய் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா கையிலிருந்த சட்டியை அப்படியே கீழே வைத்தார். ஓடிவந்து, என் காலில் இருந்த ஷூவைப் பார்த்தார், உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த கோகிலாவின் காலைப் பார்த்தார். செருப்பின் அடியையே பார்த்து வாழ்ந்தவர் அன்றைக்குத்தான் ஒரு ஷூவின் உள்ளளவைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“அடிப்பாவி! இத்தன நாளா மேனேஜரு சைஸு ஷூவப் போட்டுக்கினா நடந்த?”

கோகிலா வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “பொம்பளைங்க சைஸ் ஸ்டாக் இல்லன்னு சொன்னாங்கம்மா. சாக்ஸ் ரெண்டு மூணு போட்டுக்கச் சொன்னாங்க. ட்ரெயினிங்ல இருக்கறப்ப எதுக்குக் கேட்டுக்கினு... பட்டியல்ல பேரு வராமப் போயிடுமோன்னு...”

வழுக்கி ஓடுகிற ஷூவைப் பிடித்து வைக்கத்தான் அத்தனை நாளும் அவள் விரலை மடக்கி மடக்கி நடந்திருக்கிறாள். வீட்டுக்காரம்மா அடியைப் பார்த்தார், நான் அட்டையைத் தேடினேன். கால் எவ்வளவு பெரியது என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாளே அவர் அந்த ஷூவை மஞ்சள் பையில் போட்டு, “இங்கிலீசு பேச ஆளு வேணும்” என்று என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கோகிலாவின் கம்பெனி கேட்டுக்குப் போனார். அவள் அன்றைக்கு அரை நாள் செருப்போடு உள்ளே நிற்க அனுமதி வாங்கியிருந்தாள். அதற்குள் ஷூ வராவிட்டால் மறுபடியும் லீவுதான். கேட்டில் நின்ற பீகார் செக்யூரிட்டி என் அடையாள அட்டையைப் பார்த்து, போட்டிக் கம்பெனியின் வேவுக்காரன் என்று நினைத்தாரோ என்னவோ, உட்காரச் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து நிர்வாகப் பிரிவுப் பெண் ஒருத்தி வெளியே வந்தாள். கன்னடக்காரி. நான் என் மிகச் சிறந்த ஆங்கிலத்தில் பாதம், உள்வளைவு, இடுப்பு என்று ஆரம்பித்தேன். அவளும் மிகச் சிறந்த ஆங்கிலத்தில், கோரிக்கை வந்திருக்கிறது, ஆவன செய்யப்படும், அடுத்த மாதம் சரக்கு வரும் என்றாள். இரண்டு பேருக்கும் பரஸ்பரம் மரியாதை ஏற்பட்டது. ஷூ ஏற்படவில்லை.

வீட்டுக்காரம்மா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், பையிலிருந்து ஷூவை எடுத்து அவள் காலடியில் வைத்தார்.

“ஹாக்கொண்டு நடெது நோடம்மா” என்றார். போட்டு நடந்து பாரம்மா என்று அர்த்தம். அப்படியொரு கன்னடத்தை அவர் பால் பேரத்தில்கூடப் பேசிக் கேட்டதில்லை. மாடுகளிடம் பேசுகிற குரல்.

அந்தப் பெண் சுற்றும்முற்றும் பார்த்தாள். மறுக்கத் தெரியவில்லை. தன் செருப்பைக் கழற்றிவிட்டு, ஷூவுக்குள் காலை விட்டு, கேட்டிலிருந்து பூச்செடி வரை நடந்தாள். பாதி வழியில் ஒரு ஷூ பின்னால் தங்கிவிட்டது. அவள் மட்டும் முன்னால் போனாள். செக்யூரிட்டி சிரித்துவிட்டு, சிரிக்காததுபோல் வானத்தைப் பார்த்தார். அவள் ஒற்றைக் காலில் நின்றபடி போனை எடுத்து யாரிடமோ கன்னடத்தில் கத்தினாள். மத்தியானத்துக்குள் ஐந்தாம் நம்பர் ஷூ ஒரு ஜோடி எங்கிருந்தோ வந்தது. ஸ்டாக்கிலேயே இருந்ததாம். மேல் தட்டில்.

நாங்கள் கிளம்பும்போது வீட்டுக்காரம்மா அவள் கழற்றிய செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “ஹீல்ஸ் வேணாம்மா உனக்கு” என்று தமிழில் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

கோகிலா அதற்குப் பிறகு லீவு போடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரைத் தொடாமல் நடந்து வந்தாள். பட்டியல் ஒட்டிய அன்று கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நடை முழுக்க ஓடினாள். ஓட்டச் சத்தம் கேட்டே எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அத்தை மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். வீட்டுக்காரம்மா வெகு நாள் வரை எல்லாரிடமும், “பெங்களூரு அட்டை நல்ல அட்டைதான். அதுதான் அவள நிக்க வெச்சுச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நம்பர் ஷூவை ஏனோ அவர் கணக்கில் சேர்க்கவில்லை. கண்டுபிடித்தது நான் என்பதாலோ என்னவோ. நானும் அட்டை பக்கமே இருந்தேன். அது என் அட்டை.

சில வருடம் கழித்து அவர் மகன் மாடுகளை விற்று, அம்மாவைப் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போனான். போகும்முன் கொட்டாய் ரப்பரில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஒன்பதாவது மாடி. கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார். குனிந்து எடுக்க முடியவில்லை, நானே ஷூவைக் கழற்றித் திருப்பிக் காட்டினேன்.

“வலது பக்கம் தேய்க்கற” என்றார். பிறகு நீளமான வராண்டாவைக் கையால் காட்டினார். மூடிய கதவுகள். வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. “எல்லாத்தையும் பொட்டிக்குள்ள வெச்சு மூடிக்கறாங்க மேனேஜரே. எந்த ஊட்ல யாரு இருக்கறா, யாருக்கு என்னா வலி, ஒண்ணும் தெரியல. இங்க எப்படி இருக்கறது?”

திரும்பி வரும் வழியில் ஓசூர் பஸ் நிலையத்தில் கோகிலாவைப் பார்த்தேன். இப்போது லைன் லீடர். நல்ல ஷூ போட்டிருந்தாள். வீட்டுக்காரம்மாவைப் பற்றிச் சொன்னேன். கண் கலங்கினாள். நானும் கொஞ்சம் கலங்கி, அந்தச் சந்தர்ப்பத்தில் ஒரு மனிதன் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். அந்த நீல அட்டை இன்னும் இருக்கிறதா, அதுதானே அவளைக் காப்பாற்றியது?

“அதா சார்? அது உள்ள மேடா, காலுக்கடியில எலுமிச்சம்பழம் வெச்ச மாதிரி இருக்கும். பஸ்ல ஏறுனதும் உருவிப் பையில போட்டுக்குவேன். வீட்டுக்கு வர்றப்ப மறுபடியும் போட்டுக்குவேன், வீட்டுக்காரம்மா மனசு கஷ்டப்படும்னு தேவலைன்னு சொல்லிட்டேன்” என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாகச் சேர்த்துக்கொண்டாள்: “ஆனா நல்ல பொருள் சார். கிரைண்டருக்கு அடியில வெச்சிருக்கேன். இப்ப ஆடறதே இல்ல.”